பிஸ்மி - ஒரு கவளத்துக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். நான் மார்க்கம் படிச்சவன் இல்லை, முஸ்லிமும் இல்லை. திருப்பூர்ல பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல உக்காந்து பெரியவனானவன். பழைய விஷயங்களைத் தோண்டிப் படிக்கிறதுல ஒரு கிறுக்கு உண்டு, அவ்வளவுதான். தப்பு இருந்தா தெரிஞ்சவங்க திருத்துங்க, திட்டாம :-)

1997 ஜனவரி. பிளஸ் டூ முடிச்சிட்டு, மேல படிக்க வழியில்லாம கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த மறு வருஷம். பொங்கல் லீவு முடிஞ்சு ஆளுங்க ஊர்லேர்ந்து ஒவ்வொருத்தரா திரும்பிக்கிட்டு இருந்தாங்க. அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு தை மாசக் குளிர்ல வந்துச்சு. ஷிப்மெண்ட் நெருக்கடி, தினமும் ஒன்றரை ஷிப்ட். சாயங்காலம் ஆறே கால், ஆறரைக்கு எங்க கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கீழ வச்சிட்டு, கட்டிங் டேபிள் மேலயே நியூஸ் பேப்பரை விரிப்பார். பள்ளிவாசல்லேர்ந்து ஒரு பையன் தூக்குப்போசில நோன்புக் கஞ்சி கொண்டு வருவான். பேரீச்சம்பழம், நாலு வடை. ஒரு பெரிய தட்டுல எல்லாத்தையும் கொட்டி, கூட இருந்த மூணு நாலு பாய்களோட நோன்பு திறப்பார். பக்கத்துல இருக்கிற எங்களையும் கூப்பிடுவார்.

"வா தம்பி, பிஸ்மி சொல்லி எடு."

நான் முதல் நாள் எடுக்கலை. வயிறு சரியில்லை மாஸ்டர்னு பொய் சொன்னேன். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அந்த "பிஸ்மி"ங்கிற வார்த்தைதான் இன்னிக்கு மேட்டர். "பிஸ்மில்லாஹ்" என்பதன் செல்லச் சுருக்கம் அது. இறைவனின் பெயரால் என்று பொருள். முழுசாகச் சொன்னால் "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்". அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் பெயரால் என்று பொதுவாகத் தமிழாக்குகிறார்கள். குர்ஆனில் 114 அத்தியாயங்கள். அதில் 113 இந்த வாசகத்தோடுதான் ஆரம்பிக்கும். ஒன்பதாவது அத்தியாயத்துக்கு மட்டும் கிடையாது. ஆனால் 27-வது அத்தியாயத்தின் நடுவில், சுலைமான் நபி சபா நாட்டு ராணிக்கு எழுதுகிற கடிதத்தின் தொடக்கமாக இன்னொரு முறை வருகிறது. ஆக கணக்கு 114-க்குச் சரியாகிவிடும். கணக்குப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இது வந்த புதுசுல எல்லாரும் ஏத்துக்கிட்ட வார்த்தை இல்லை. கி.பி. 628-ல் நபிகள் நாயகத்துக்கும் மக்காவாசிகளுக்கும் ஹுதைபியா என்ற இடத்தில் ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். எழுதியவர் அலி. முதல் வரியாக இந்த முழு வாசகத்தைச் சொன்னதும், மக்கா தரப்பில் பேச வந்த சுஹைல் தடுத்துவிட்டார். இந்த "ரஹ்மான்" எல்லாம் எங்களுக்குத் தெரியாது, நாங்க வழக்கமா எழுதற மாதிரி "பிஸ்மிக்க அல்லாஹும்ம" (இறைவா, உன் பெயரால்) என்றே எழுதுங்கள் என்றார். கூட இருந்தவர்களுக்கெல்லாம் கோபம். நபிகள் நாயகம் விட்டுக்கொடுத்து, அவர் சொன்னபடியே எழுதச் சொன்னார். இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்குகிற பழக்கம் அரபு மண்ணில் ஏற்கெனவே இருந்திருக்கிறது, எந்தப் பெயரைச் சொல்வது என்பதில்தான் சண்டை என்பது இதில் தெரிகிறது.

அடுத்து ஒரு சுவாரசியமான துண்டுச் சீட்டு. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது. எகிப்தில் கிடைத்தது, கி.பி. 643 ஏப்ரல் மாதத்தையது, ஹிஜ்ரி 22. ஹிஜ்ரி ஆண்டு போட்டு நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று. ஒரு பக்கத்தில் கிரேக்கமும் அரபியும் சேர்ந்தே இருக்கும். அரபிப் பகுதி பிஸ்மில்லாவோடு ஆரம்பிக்கிறது. கிரேக்கப் பகுதியும் கடவுளின் பெயரால் என்றுதான் ஆரம்பிக்கிறது. உள்ளே என்ன பெரிய வேதாந்தம் என்று கேட்டால், படைக்குச் சாப்பாட்டுக்காக வாங்கின 65 ஆட்டுக்கு ரசீது! நம்ம காதர்பேட்டை மொத்த வியாபாரி பில் புக்கு மாதிரி ஒரு சமாச்சாரம். 50 ஆடு ஒரு வகை, 15 இன்னொரு வகை என்று தனித்தனியாகக் கணக்கு போட்டிருக்கிறார்கள். நபிகள் நாயகம் இறந்து பதினோரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் இந்த வாக்கியம் சோத்துக் கணக்கின் தலைப்புக்கு வந்துவிட்டது.

பில் புக்கு என்றதும் 786 ஞாபகம் வருமே. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. முழு வாசகத்தின் எழுத்துகளைக் கூட்டினால் 786 வரும். கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டு, லாரி நெற்றி எல்லா இடத்திலும் இந்த எண்ணைப் போடுவது நம் நாட்டில் ரொம்பப் பரவலான வழக்கம். வாசகத்தையே எழுதினால் தாள் கீழே விழும், காலில் மிதிபடும் என்ற பயம்தான் காரணம் என்பார்கள். எண்ணைப் போடுவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்று சொல்கிற தவ்ஹீத் கட்சியும் தமிழ்நாட்டில் பலமாக உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகலை. நம்ம செட்டியார் நோட்டில் பிள்ளையார் சுழி, சோழர் கல்வெட்டில் "ஸ்வஸ்திஸ்ரீ", நெல் அளக்கிறபோது ஒன்று என்பதற்குப் பதிலாக "லாபம்" என்று ஆரம்பிக்கிறது, எல்லாம் இதுக்குப் பக்கத்து வீட்டுச் சமாச்சாரங்கள்தான். ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் (1916-2006) பிறந்தபோது தாத்தா வாயிலிருந்து வந்த சொல்லே அவருக்குப் பேராகிவிட்டது என்று சொல்வார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

இந்த வழக்கத்துக்கு முக்கிய ஆதாரம் ஒரு சின்னப் பையன். பேர் உமர் இப்னு அபீ ஸலமா. நபிகள் நாயகத்தின் மனைவி உம்மு ஸலமாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவர், நபி வீட்டிலேயே வளர்ந்தவர். எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறபோது பையன் கை தட்டு முழுக்க ஊர்வலம் போயிருக்கிறது. (நம்ம வீட்டு வாண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.) அப்போது அவருக்கு மூன்று விஷயம் சொல்லப்பட்டது: இறைவன் பெயரைச் சொல்லு, வலது கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதை எடுத்துச் சாப்பிடு. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க நான் அப்படித்தான் சாப்பிட்டேன் என்று அந்தப் பையனே பெரியவனாகிச் சொன்னதை புகாரி தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. கவனிச்சுப் பாருங்க, மூன்றாவது விதிக்கு ஒரே தட்டில் பல பேர் சாப்பிட்டால்தான் அர்த்தமே உண்டு. தனித்தனி இலை என்றால் "உன் பக்கத்தில் இருப்பது" என்று சொல்லவே வேண்டாமே!

இன்னொரு செய்தி அபூதாவூத் தொகுப்பில் வருகிறது. எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைய மாட்டேங்குதே என்று சிலர் முறையிட்டார்கள். நீங்கள் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களோ என்று கேட்டார் நபி. ஆமாம் என்றார்கள். சேர்ந்து உட்காருங்கள், இறைவன் பெயரைச் சொல்லுங்கள், பரக்கத் வரும் என்பது பதில். பரக்கத் என்றால் உள்ளதே போதுமானதாகப் பெருகுவது. பிஸ்மியும் கூட்டுச் சாப்பாடும் ஒரே வாக்கியத்தில் வருகிறது பாருங்க, இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் விருந்துக்குப் போனவங்களுக்கு இது சட்டுனு புரியும். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுத்தி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

மறந்துபோனால்? அதற்கும் வழி இருக்கிறது. ஆயிஷா அறிவித்ததாக வரும் செய்தி: ஆரம்பத்தில் சொல்ல மறந்தவர், ஞாபகம் வந்த இடத்தில் "இதன் தொடக்கத்திலும் முடிவிலும் இறைவனின் பெயரால்" என்ற பொருளில் சொல்லிக்கொள்ள வேண்டும். பாதிச் சாப்பாட்டில் சொன்னாலும் செல்லும். சோறு கெட்டுப் போவதில்லை, தட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

இங்கேதான் ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறோம். ஆடு கோழி அறுக்கும்போது இறைவன் பெயர் சொல்வது வேறு, தட்டு முன்னாடி உட்கார்ந்து சொல்வது வேறு. அறுப்பில் சொல்வது அந்தக் கறி ஆகுமா ஆகாதா என்ற சட்டம் சம்பந்தப்பட்டது. அதிலும் ஒரே கருத்து கிடையாது. ஹனஃபி மத்ஹபில் வேண்டுமென்றே சொல்லாமல் அறுத்தால் அந்தக் கறி கூடாது, மறந்துபோனால் பரவாயில்லை. ஷாஃபி மத்ஹபில் சொல்வது சுன்னத், அதாவது நல்ல வழக்கம், சொல்லாவிட்டாலும் கறி கூடும். தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிகள். நம்ம கொங்குப் பக்கத்து ராவுத்தர்களும் உருது பேசுகிறவர்களும் ஹனஃபிகள். இந்த வித்தியாசம் தொழுகையிலேயே காதில் விழும். ஷாஃபி பள்ளியில் இமாம் சத்தமாக ஓதும்போது பிஸ்மியையும் சேர்த்துச் சத்தமாக ஓதுவார். ஹனஃபி பள்ளியில் அதை மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த வரியிலிருந்துதான் குரல் கேட்கும்.

சாப்பிடும்போது சொல்வதோ சாப்பிடுகிறவருக்கான ஒழுக்கம். அந்தச் சொல்லால் உணவு பிரசாதம் ஆகிவிடாது. ஆயிஷா சொன்ன இன்னொரு செய்தி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. புதுசாக மார்க்கத்துக்கு வந்த சிலர் கறி கொண்டு வந்து தருகிறார்கள், அறுக்கும்போது பெயர் சொன்னார்களா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லையே என்று சிலர் கேட்டார்கள். நீங்கள் பெயரைச் சொல்லிச் சாப்பிடுங்கள் என்று முடித்துவிட்டார் நபி. கொடுத்தவனைக் கூண்டிலேற்றி விசாரிக்கச் சொல்லவில்லை.

இப்ப என் பொய்க்கு வர்றேன்.

எங்க அம்மிச்சி நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லி அனுப்பியிருந்தாங்க. "ஏஞ்சாமி, அவிய மந்தரஞ் சொல்லித்தான திம்பாங்க? மந்தரிச்ச சோத்தைத் தின்னா உனக்கு ஆகுமா? குடுத்தா வாங்கிக்க, திங்காத." எனக்கு மந்திர பயமெல்லாம் பெருசா இல்லை. ஆனா அந்தத் தட்டுல இன்னொரு விஷயம் இருந்தது. எங்க கம்பெனில கைமடிக்க வந்த ஒரு பையன், என் வயசுதான், எங்க பக்கத்து ஊர்க் காலனியிலேர்ந்து வர்றவன். டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு எப்பவும் மாடிப்படிக்குக் கீழ போய்த்தான் சாப்பிடுவான். எங்க ஊர் டீக்கடையில அவங்களுக்குத் தனி டம்ளர். அவங்களே கழுவி அவங்களே கவுத்தணும். நான் பெஞ்சுல உக்காந்து குடிக்கிறவன், அவன் வெளிய நின்னு குடிக்கிறவன். மாஸ்டர் அன்னிக்கு அவனையும் தட்டுல கை வைக்கச் சொன்னார். அவன் வச்சான். அதுக்கப்புறம்தான் என் வயிறு "சரியில்லாம" போச்சு. இதை எழுதறப்ப இப்பவும் காது சூடாகுது.

கொங்கு மண்ணுல இரட்டை டம்ளர் பத்தி எத்தனையோ கள ஆய்வு அறிக்கைகள் வந்தாச்சு, புதுசா நான் சொல்ல ஒண்ணுமில்லை. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகள்லயே பிராமணருக்கு ஒரு இடம், மத்தவங்களுக்கு ஒரு இடம்னு 1941 வரைக்கும் இருந்துச்சு. ஈரோட்டுக்காரர் பெரியார் தொடர்ந்து சத்தம் போட்டுத்தான் அது ஒழிஞ்சுது. 1981 பிப்ரவரி 19-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமை மீனாட்சிபுரத்துல சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனப்ப நாடே கூடி அரபுப் பணம், சதின்னு பேசுச்சு. அந்த ஊர் ஜனங்களைக் கேட்டவங்ககிட்ட அவங்க பேசினது மரியாதையைப் பத்தி. முஸ்லிம்கள்ல ஜாதி வித்தியாசமே கிடையாதான்னு கேட்டா, இருக்கு, லெப்பை, மரைக்காயர், ராவுத்தர்னு கல்யாணப் பேச்சு எடுத்தா தெரியும். பொண்ணு குடுக்கறதுல பார்ப்பாங்க. தட்டுல பார்க்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச வரை அதுதான் நிலவரம்.

திருப்பூர்ல பனியன் தொழிலை ஆரம்பிச்சு வச்சதே ஒரு முஸ்லிம்தான்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? 1925-ல் குலாம் காதர் ஆரம்பிச்ச பேபி நிட்டிங்தான் ஊரோட முதல் பனியன் கம்பெனின்னு திருப்பூர் வரலாறு எழுதறவங்க குறிப்பிடறாங்க. கல்கத்தாப் பக்கத்துலேர்ந்து வந்த கையால சுத்தற மெஷின்கள்ல ஆரம்பிச்ச தொழில். அப்புறம் கவுண்டர்கள் கைக்குப் போய், 1970-களோட கடைசியில இத்தாலிக்காரங்க வாங்க வந்து, ஏற்றுமதி ஊராகிப் போன கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்த முதல் கம்பெனியில மத்தியானம் எப்படிச் சாப்பிட்டாங்கன்னு யாராவது எழுதி வச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! மெஷினோட கேஜ், ஊசி எண்ணிக்கை எல்லாம் கிடைக்குது. சோறு பத்தி ஒரு வரி கிடைக்கலை.

மறுநாள் மாஸ்டர்கிட்ட நேராவே கேட்டுட்டேன், எங்க அம்மிச்சி இப்படிச் சொல்றாங்களேன்னு. அந்த மனுஷன் கோவிச்சுக்கலை, சிரிச்சார். "அது சோத்துக்குச் சொல்றதில்ல தம்பி, தின்றவன் தனக்குச் சொல்லிக்கறது. நீ உங்க சாமி பேரைச் சொல்லிக்க, இல்ல சும்மா தின்னு. கஞ்சி ஆறிப்போகும்." அவர் ஓதிப் படிச்சவர் இல்லை. அஞ்சாவதோட கத்திரி பிடிக்க வந்தவர். ஆனா மேலே நான் புஸ்தகங்களைப் புரட்டி எழுதின அத்தனையும் அதுல அடக்கம்.

ரெண்டாம் நாள் உக்காந்தேன். தட்டுல என் பக்கம் இருக்கிறதை மட்டும் எடுத்தேன், மரியாதைன்னு இல்லை, பயம். மூணாம் நாள் கைமடி பையன் என் பக்கத்து வடையை எடுத்துட்டான். நான் அவன் பக்கத்துப் பேரீச்சம்பழத்தை எடுத்தேன். "ரெண்டு பேருக்கும் பிஸ்மியும் இல்ல, ஒழுங்கும் இல்ல" என்றார் மாஸ்டர் :-)

கஞ்சி பத்தி ஒரு தகவல். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, வசதி இருந்தா கொத்துக்கறி, கடைசியில தேங்காய்ப்பால். பகல் பூரா காய்ஞ்ச வயித்துக்கு இதைவிட இதமா ஒண்ணு கிடையாது. தமிழ்நாட்டுல 2001-லேர்ந்து அரசாங்கமே இதுக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்குது. 2020-ல கொரோனா ஊரடங்கு, பள்ளிவாசல்ல அடுப்பே பத்த வைக்க முடியாத நிலை. அப்பவும் 2,895 பள்ளிவாசல்களுக்குன்னு 5,450 டன் அரிசி ஒதுக்கினாங்க. அது சரியில்லைன்னு கேஸ் போய் ஹைகோர்ட்டுல நிக்கலை. அந்த வருஷம் கஞ்சியா வராம அரிசியாவே வீட்டுக்குப் போச்சு. வருஷா வருஷம் தூக்குப்போசியோட பள்ளிவாசல் வாசல்ல வரிசையில நிக்கிற இந்துப் பிள்ளைங்களுக்குத்தான் அந்த வருஷம் கஞ்சி இல்லாமப் போச்சு. எங்க தெருவுல ரெண்டு வாண்டுகள் அதுக்காக அழுததை நானே பார்த்தேன்.

1997-க்கே திரும்பப் போயிடறேன். அந்த நோன்பு கடைசி வாரத்துல அம்மிச்சிக்கு வாய்ப்புண்ணு. காரம் ஆகலை, சோறு இறங்கலை, மூணு நாளா வெறும் மோருதான். மாஸ்டர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் தட்டுல ஊத்தறதுக்கு முன்னாடியே ஒரு சின்னப் போசில கஞ்சியை எடுத்து மூடி, "ஆத்தாவுக்குக் குடு, கறி போடாத கஞ்சிதான்"னு கையில கொடுத்தார்.

ராத்திரி பத்தரை மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மிச்சி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாங்க. பட்டை, தேங்காய்ப்பால் வாசம்.

"சொல்லிட்டுத்தான் குடுத்தானா?"

"இல்லைங் அம்மிச்சி. அது குடிக்கிறவங்க சொல்லிக்கறதாம்."

கொஞ்ச நேரம் போசியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் "முருகா"ன்னு சொல்லிட்டு ஒரு வாய் குடிச்சாங்க. பாதி போசி காலியானதும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அந்தப் பாய் நாளைக்கும் வருவானா?"ன்னு கேட்டாங்க.